அக்கா தோட்டம் போட்ட காரணம்

எங்கள் அக்கா கருமத்தம்பட்டிக்கு அருகே, நாள் முழுக்கத் தறிச்சத்தம் கேட்கும் ஒரு வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஆறு வருடம் கழித்து நான் பிறந்தேன். அம்மா தறியில் நிற்க, என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தது அக்காதான். திருமணமாகி சிங்காநல்லூருக்கு வந்தார். பிள்ளைகள் இல்லை. மாமா காலமான பிறகு பல வருடம் தனியாகவே இருந்தார், யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது நானும் என் மனைவியும் அவருடன் வந்து தங்கினோம்.

அக்காவின் மாடித் தோட்டத்தைப் பார்த்த நீங்கள் எல்லோரும், இந்த யோசனை எப்படி வந்தது என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்கள். "பொழுது போகோணுமல்லங்க" என்று சிரித்து மழுப்பிவிடுவார். அது உண்மையில்லை. உண்மைக் காரணத்தை அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளான இன்றாவது எழுதிவிடுகிறேன்.

டயாலிசிஸ் தொடங்கிய புதிதில், பெரியப்பா மகனான பொள்ளாச்சி அண்ணன் பார்க்க வந்தார். இரண்டு கட்டைப்பை நிறைய இளநீர். சிறுநீரக நோயாளிக்கு இளநீர் விஷம் மாதிரி என்பது அவருக்குத் தெரியாது. பாசமாகச் சுமந்து வந்தவரிடம் அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் கிளம்பும்போது என் மனைவி பைகளைக் காலி செய்தாள். பதிலுக்குப் போட்டுக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் நாங்கள் கடைக்கே போயிருக்கவில்லை. மாத்திரை அட்டைகளைத் தவிர அலமாரியில் எதுவும் கிடையாது. வெறும் பையை மடித்துக் கையில் கொடுத்தாள்.

அண்ணன் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். கட்டிலில் இருந்த அக்கா கவனித்துவிட்டார்.

"வந்தவங்களுக்கு வெறும் பைய மடிச்சுக் குடுத்துப்போட்டமே தம்பி" என்றார். அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், நிற்கவே தெம்பில்லாத நிலையில், ஆட்டோவை ஒரு நர்சரி முன்னால் நிறுத்தச் சொல்லிக் கத்தரி நாற்றும் வெண்டை விதையும் வாங்கினார். தோட்டம் அப்படித்தான் தொடங்கியது. வாங்கிக்கொண்டே இருப்பது அக்காவுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. செம்மண் மூட்டை, எரு மூட்டை, தென்னை நார்த்தூள் எல்லாவற்றையும் தேய்ந்துபோன முட்டியோடு மாடிக்கு ஏற்றியவன் நான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தத் தொட்டிய இன்னுங் கொஞ்சம் அக்கட்டால நகத்து கண்ணு" என்பார். தக்காளியும் கீரையும் மளமளவென்று வந்தன. இரண்டையும் மருத்துவர் அவருக்குக் குறைக்கச் சொல்லியிருந்தார். குடிக்கும் தண்ணீரையே அளந்து குடித்தவர், செடிகளுக்குக் குடம் குடமாக ஊற்ற வைத்தார்.

ஆனால் காய் வந்த வேகத்துக்கு ஆள் வரவில்லை. நோய் பழசானால் பார்க்க வருகிறவர்களும் குறைந்துவிடுவார்கள். இது உலக வழக்கம், யார்மேலும் வருத்தமில்லை. கத்தரிக்காய் செடியிலேயே முற்றியது. அக்கா ஒருநாள் போனை எடுத்து வரிசையாக எல்லோருக்கும் பேசினார். "நாளாச்சுங்க, ஒருக்கா வந்து மொகத்தப் பாத்துட்டுப் போயிருங்க" என்று மட்டும்தான் சொன்னார். டயாலிசிஸில் இருப்பவர் அப்படிக் கூப்பிட்டால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? மறுநாள் காலையில் வாசலில் ஐந்து கார். சிலர் அழுதுகொண்டே இறங்கினார்கள். பொள்ளாச்சி அண்ணன் மறுபடியும் இளநீரோடு வந்தார். அக்கா குளித்து, பொட்டு வைத்து, கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பையிலும் கத்தரிக்காயை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு நான் சத்தம் போட்டேன். "ஏனுங்கக்கா, கத்தரிக்காய்க்காகவா இத்தன பேரப் பதற வெச்சீங்க? காலைல இருந்து அடுப்படில நிக்கறது யாருங்க?"

"அப்பிடியாவது வந்தாங்கல்ல தம்பி" என்றார்.

கடைசி இரண்டு மாதம் அவரால் மாடி ஏற முடியவில்லை. டயாலிசிஸையும் உடம்பு தாங்கவில்லை. நான் காலையில் செடிக்கு ஊற்றிவிட்டு, அவரைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, துணி அலசி, பிறகுதான் உட்காருவேன். ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "செடிய என்னங்கக்கா பண்றது? என்னால முடியலீங்க." அத்தனை வருடத்தில் முடியவில்லை என்று நான் சொன்னது அன்று ஒருமுறைதான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குந்தான் முடியல கண்ணு. வர்றவங்களுக்கெல்லாம் தொட்டியோட குடுத்துரு. நீ தூங்கு." அடுத்த வாரம், ஒரு காலை நேரத்தில், சிரமமில்லாமல் போனார்.

டயாலிசிஸ் பிரிவில் பெற்ற தாயைப்போல அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முகம் சுளிக்காமல் ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரத் தம்பிக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாத்தனாருக்குச் சொந்த மகளாகவே இருந்த என் மனைவிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் சொல்கிறேன்.

அக்கா சொன்னதை நான் இன்னும் செய்யவில்லை. கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன், இந்த ஒரு வருடத்தில் வந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டார்கள். அதனால் தினமும் நானே ஊற்றிக்கொண்டிருக்கிறேன். இன்று நீங்கள் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். சாப்பிட்டதும் மாடிக்குப் போய் ஆளுக்கொரு தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கிக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை, மன்னிக்கவும்.

இந்த வீட்டில் இனி நோயாளி யாரும் இல்லை. நானும் என் மனைவியும்தான் இருக்கிறோம். சும்மாவே ஒருமுறை வந்து போங்கள்.