திறப்பில் விழுந்த சந்தனப் பொட்டு

பொறாமை என்று எழுதினால் ஏதோ பெரிய இடத்து வியாதி போல இருக்கிறது. எங்கள் ஊரில் அதை எரிச்சல் என்போம். எனக்கு என் மாமா மகன்மேல் இருந்தது அந்த எரிச்சல்தான். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு கார்ப் பந்தயக் கேம். அதைக் கடையில் முறையாக வாங்கிய பெட்டியோடு வைத்திருந்தவள் நான். பென் ட்ரைவில் களவுக் கொப்பி ஏற்றி வைத்திருந்தவன் அவன். அவனுடையது ஓடியது, என்னுடையது ஓடவில்லை.

பெட்டியைக் கனடாவிலிருந்து கொண்டுவந்தவர் என் அண்ணை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது எல்லாருக்கும் சொக்கிளேற்றும் சவர்க்காரமும் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் இதைத் தனியாக எடுத்துத் தந்தார். தன்னிடமும் ஒன்று இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து ஓடலாம் என்றார். அண்ணை அங்கே லொறி ஓட்டுகிறார். கிழமை முழுக்க உண்மையான பனியில் ஓடிவிட்டு, சனிக்கிழமை வீட்டில் இருந்து கேமிலும் பனி மலையில்தான் ஓடுவார். அங்கே சனி இரவு என்றால் எங்களுக்கு நீர்வேலியில் ஞாயிறு காலை. அம்மா புட்டு அவிக்கிற நேரம் நான் காதில் கெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன்.

முப்பது வயதில், ஒரு பள்ளிக்கூட ரீச்சருக்கு இது என்ன விளையாட்டு என்று அம்மா கேட்பார். விளையாட்டா முக்கியம்? அண்ணை போன் எடுத்தால் அது கைக்குக் கை மாறும். அம்மா கதைப்பார், ஐயா கதைப்பார், பக்கத்து வீட்டு மாமி வந்து கதைப்பார், கடைசியில் என் கைக்கு வரும்போது "சரி பிள்ளை, வேறென்ன?" மட்டும்தான் மிஞ்சியிருக்கும். கேமில் அப்படி இல்லை. கெட்போன் என் காதில். அந்த ஒரு மணித்தியாலம் அண்ணை எனக்கு மட்டும்தான். வாழைக்குலை என்ன விலை போகிறது, பள்ளிக்கூடத்தில் அதிபர் இன்னும் உறுக்கி ஏசுகிறாரோ, எல்லாம் வளைவுக்கு வளைவு கேட்பார்.

மாமா மகன் வேலிக்கு அந்தப் பக்கம். என்னைவிட இரண்டு வயது இளையவன். நான் விளையாடுவதைப் பார்த்துவிட்டு அதே கேமை எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்தான். "உங்களுக்கும் ஏத்தித் தரட்டோ மச்சாள், உது இன்ரநெற்றே கேக்காது" என்று பென் ட்ரைவை ஆட்டிக் காட்டினான்.

"களவுச் சாமான் இந்த வீட்டுப் படலை தாண்டி வராது. நீயே வைச்சுக்கொள்" என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த எடுப்பு உங்களுக்குத் தெரியாது.

பிறகுதான் என் கணினி இழுக்கத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் கணினிக்கு ஒரே ஒரு வைத்தியம். மெதுவாக ஓடினாலும், சத்தம் வராவிட்டாலும், எழுத்து சின்னதாகத் தெரிந்தாலும் சந்திக்கடைக்குக் கொண்டுபோவோம். கடைக்காரர் திறந்தும் பார்க்கமாட்டார். "ஃபோர்மட் அடிச்சால் சரி" என்பார். உள்ளே இருப்பதை முழுக்கத் துடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றித் தருவார். காய்ச்சல் வந்தால் டொக்டர் தந்த மருந்தைக் குடிப்பது போல நாங்களும் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டு வருவோம். நான்கு மாதத்தில் நான்கு தரம் அடித்தாயிற்று.

நான்காவது தரம் வீட்டுக்குக் கொண்டுவந்து கேமைத் திரும்ப ஏற்றி, டயறியில் எழுதி வைத்திருந்த, கேமுக்குச் சாவி போன்ற திறப்பு இலக்கத்தை அடித்தேன். உள்ளே விடவில்லை. இந்தத் திறப்பு இலக்கம் அனுமதிக்கப்பட்ட அளவு கணினிகளில் ஏற்கெனவே பாவிக்கப்பட்டுவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. என்னிடம் இருந்தது ஒரே ஒரு கணினி! ஒவ்வொரு முறை துடைத்தபோதும் அது புதுக் கணினி என்று கேம் கணக்கு வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவளைப் பிடித்து நாலு வீட்டுக்கு விநியோகித்த கள்ளி ஆக்கிவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. போனில் அண்ணையிடம் அழாக்குறையாகச் சொன்னேன். "கம்பனிக்கு எழுது பிள்ளை, திறந்துவிடுவாங்கள்" என்றார். எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. பெட்டியில் ஒட்டியிருக்கும் திறப்பு இலக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பட்டுமாம்.

அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தேன். சரஸ்வதி பூசைக்கு வீட்டில் உள்ள புத்தகம், பேனை, என்னுடைய கணினி, ஐயாவின் மண்வெட்டி எல்லாவற்றையும் அம்மா சாமி அறையில் அடுக்குவது வழக்கம். அண்ணை வாங்கித் தந்தது என்பதால் இந்தப் பெட்டியும் அதற்குள் போயிருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தில் காருக்குப் பக்கத்தில் அரைகுறை உடுப்போடு ஒரு பெட்டை நிற்கிறாள். அவளுக்குப் பொட்டு வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் நடுவில் பார்த்துக் குளிரக் குளிரச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டார். இலக்கம் ஒட்டியிருந்ததும் அங்கேதான்.

ஈரத் துணியால் துடைத்தேன். சந்தனத்தோடு நடுவில் இருந்த ஐந்தாறு எழுத்தும் உரிந்து வந்தன.

"என்னம்மா செய்து வைச்சிருக்கிறியள்?" என்று கத்தினேன்.

"உன்ரை படிப்பு நல்லா வரட்டுமெண்டு வைச்சனான். உதுக்கேன் இந்தக் கூத்து?" என்றார். படித்து முடித்துப் பத்து வருடம் ஆகப்போகிறது.

இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். அந்தச் சிவப்புப் பொருள் என்ன என்று கேட்டு எழுதினார்கள். கல்விக் கடவுளுக்கு நாங்கள் செய்யும் பூசை என்று ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதினேன். நன்றி, வாங்கிய பில் இருந்தால் அனுப்பவும் என்று பதில் வந்தது. பில் அண்ணையிடம்தான் இருக்கவேண்டும். கேட்டேன். "பாக்கிறன் பிள்ளை" என்றார். அடுத்த கிழமையும் கேட்டேன். அடுத்த கிழமையும் பாக்கிறன்.

அந்த ஞாயிறுகளில் நான் என்ன செய்தேன்? குசினியில் தேங்காய் துருவினேன். அப்படித் துருவிக்கொண்டிருந்த ஒரு காலையில் வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது. "அத்தான், விடுங்கோ, விடுங்கோ! ஐயோ, விழுந்திட்டியள்!" அவனுக்கு அத்தான் என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். துருவலையில் கை கீறிவிட்டது.

மத்தியானம் அவனைப் படலையில் மறித்தேன். களவுக் கொப்பியில் இணையத்தில் ஓட முடியாதே, எப்படி என்று கேட்டேன். அவன் புழுகம் தாங்காமல் சிரித்துச் சிரித்து விளங்கப்படுத்தினான். தூரத்தில் உள்ள இரண்டு கணினிகளையும் ஒரே வீட்டுக்குள் இருப்பதாகக் கேமை நம்பவைக்க ஒரு மென்பொருள் இருக்கிறதாம். "இப்ப அத்தானும் நானும் ஒரே வீடு, மச்சாள்" என்றான் கோதாரி விழுவான். கூடப் பிறந்தவள் வெளியே நிற்கிறேன், இவன் ஒரே வீடாம்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரையில்லை என்று சொல்லமாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் எழும்பியதும் முதல் நினைப்பு அவன்தான். அவனுடைய கணினி எரிந்துபோகட்டும் என்று நினைத்தேன். ஞாயிறு காலைகளில் கரண்ட் போகட்டும் என்று பிள்ளையாரை வேண்டினேன். ஒரு நாள் உண்மையாகவே போனது. வேலிக்கு அப்பால் அவன் "சீ" என்று கத்தியது கேட்டதும் எனக்கு வந்த சந்தோசத்தை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது.

பில்லைக் கடைசியில் கண்டுபிடித்துத் தந்தவர் அம்மா. வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தப் பையையும் அவர் எறியமாட்டார். மடித்து மெத்தைக்குக் கீழே வைப்பார். அப்படி ஒரு பைக்குள் பில் கசங்காமல் கிடந்தது. படம் எடுத்து அனுப்பினேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடிதம் வந்தது. நீங்கள்தான் உரிமையாளர் என்பது உறுதியாகிவிட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம், மகிழ்ச்சியாக விளையாடுங்கள்.

அடுத்த நாள் காலை தலை முழுகி, தேத்தண்ணியோடு உட்கார்ந்து கேமைத் திறந்தேன். பனி மலை வந்தது. என் சிவப்புக் கார் நின்றது. பக்கத்தில் அண்ணையின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. கடைசியாக வந்து ஏழு கிழமை என்று கீழே போட்டிருந்தது. உடனே போன் எடுத்தேன்.

"திறந்திட்டாங்கள் அண்ணை! வாங்கோ."

"ஐயோ பிள்ளை, அதை நான் கழட்டிப்போட்டன். ஒவ்வொருக்காலும் நீ ஆர், நீ ஆர் எண்டு கேட்டு எனக்கு விசர் பிடிச்சுப்போச்சு. உவன்ரைதான் இப்ப நானும் போட்டிருக்கிறன். நீயும் அவனிட்டை வாங்கிப் போடன்."

காசு கொடுத்து வாங்கியவரே அதைத் தூக்கி எறிந்துவிட்டார். அந்த வெள்ளை றோட்டில் தனியாக ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். முதலாவதாக வந்தேன். வேறு ஒருவரும் ஓடவில்லை.

மேசை லாச்சியில் இருந்த வெறும் பென் ட்ரைவை எடுத்துக்கொண்டு வேலிப் படலையைத் தள்ளிப் போனேன். வழி முழுக்க அவன் சொல்லப்போகும் நக்கல்களை நினைத்துப் பதில் தயார் செய்துகொண்டே போனேன். அவனுடைய அறை யன்னல் திறந்திருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு கெட்போனோடு இருந்தான். கேம் ஓடவில்லை. கார் இரண்டும் றோட்டோரத்தில் நின்றன.

"நாரி நோ இப்ப எப்பிடி அத்தான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். "லொறி ஓடவேண்டாமெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ? ... ஓம், ஓம். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

யன்னலடியில் நின்றேன். அண்ணைக்கு இடுப்பில் நோ என்றே எனக்குத் தெரியாது. ஏழு கிழமையாக அவரிடம் நான் கேட்டதெல்லாம் பில் ஒன்றைத்தான்.

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். தயார் செய்த பதில் ஒன்றும் தேவைப்படவில்லை, அவன் நக்கலடிக்கவில்லை. யன்னலால் கையை நீட்டிப் பென் ட்ரைவை வாங்கினான். "பொறுங்கோ மச்சாள், பத்து நிமிசம் எடுக்கும்" என்றான்.

"முதல் அதைத் தா" என்று அவன் காதிலிருந்த கெட்போனைக் கழற்றினேன்.