மெக்கானிக் போன் மாற்றிய பதினைந்து நாள்

துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்தே இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் அவர். கம்பெனியில் எல்லோருக்கும் ‘மெக்கானிக் அண்ணன்’. வயது நாற்பத்தாறு. பார்வை ஓரங்களிலிருந்து அணைந்துகொண்டே வருகிறது, இதற்கு மருந்தும் இல்லை கண்ணாடியும் இல்லை என்று டாக்டர் கையை விரித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அவர் சொன்னதெல்லாம், “பவர் கொஞ்சம் கூடியிருக்காம்” என்பது மட்டும்தான்.

அந்த மூன்று வருடமும் அவர் மானத்தைக் காத்தது சட்டைப்பையில் கிடந்த ஆண்ட்ராய்டு போன். இயந்திரத்தின் பின்னால் கையை நீட்டி ஒரு படம் எடுப்பார். அதைத் திரையில் பெரிதாக்கி, ஒயரின் நிறத்தையும் மாடல் எண்ணையும் துண்டு துண்டாகப் படிப்பார். “எவ்வளவு பொறுப்பு பாருங்க, போட்டோ எடுத்து வச்சுக்கிட்டுத்தான் கழட்டுறார்” என்று வீட்டுக்காரர்கள் மெச்சுவார்கள். அவர் போனைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொள்வார்.

ஒரு நாள் காலை, நாலாவது மாடி வீடொன்றில் ஒயரை மாற்றிச் சொருகிவிட்டார். சுவிட்சைப் போட்டதும் படாரென்று ஒரு சத்தம், பின்னாலேயே புகை. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த வீட்டம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் அலறியபடி ஓடியது அவர் காதிலேயே நின்றுவிட்டது.

சூப்பர்வைசர் அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். “அண்ணே, மறைக்காம சொல்லுங்க. கண்ணு எப்படி இருக்கு?”

அவர் சட்டைப்பையில் இருந்த போனைக் கையால் மூடிக்கொண்டார்.

“இனிமே உங்களை வீடுகளுக்கு அனுப்பினா என் வேலையும் போயிரும். டெலிபோன் மேஜையில ஒரு இடம் இருக்கு. கூப்பிடுறவங்ககிட்ட கோளாறைக் கேட்டு, நம்ம ஆப்ல ஏத்தணும். கெஞ்சிக் கூத்தாடி பதினஞ்சு நாள் வாங்கியிருக்கேன். பார்க்காம போனை ஓட்டப் பழகிட்டு வாங்க.”

“பழகலைன்னா?”

“பழகிருங்கண்ணே” என்றார் சூப்பர்வைசர், மேஜையைப் பார்த்தபடி.

பார்வையற்றோர் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பிறவியிலேயே பார்வை இல்லை. வாய் மட்டும் கத்தரிக்கோல். அவருடைய போனில் திரையைப் பேசவைக்கும் வசதியைப் போட்டுக் கொடுத்தாள். விரல் படும் இடமெல்லாம் ஒரு குரல் படித்தது. கம்பெனி ஆப்பைத் திறந்தார். “பட்டன், பெயரில்லை. பட்டன், பெயரில்லை. பட்டன், பெயரில்லை.”

“அட கடவுளே! இதைச் செஞ்சவன் பட்டனுக்குப் பேரே வைக்கலையே” என்றாள் அவள். “ஐபோன் யாருகிட்டயாவது இருக்கா சார்?”

மச்சினனிடம் பழையது ஒன்று இருந்தது. மனைவியின் தம்பி. எதற்கு என்று கேட்காமலே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “ஒருவழியா எங்க ஐபோன் கட்சிக்கு வந்துட்டீங்களா மாமா?” என்று சிரித்தான். அதில் அதே ஆப் வேறு ஆளாக இருந்தது. “வாடிக்கையாளர் பெயர். முகவரி. கோளாறு. சேமி.” செய்தவர்கள் இந்தப் பதிப்புக்கு மட்டும் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தார்கள்.

“எது ஒசத்திங்கிற சண்டையெல்லாம் கண்ணு இருக்கிறவங்களுக்கு சார். உங்களுக்குச் சோறு போடுற ஆப் எந்தப் போன்ல வாய் திறக்குதோ அதுதான் உங்களுக்கு ஒசத்தி” என்றாள் பயிற்சிக்காரி.

அவருக்கு மனசு ஒட்டவில்லை. பழைய போனின் முதுகில் விரல் வைத்தால் பூட்டுத் திறக்கும். இது முகத்தைக் காட்டு என்றது. முகத்தை எங்கே காட்டுவது, எவ்வளவு தூரத்தில் காட்டுவது? அதில் பின்னால் போகக் கட்டைவிரலுக்குக் கீழேயே ஒரு பட்டன். இதில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. மூன்று வருடம் சேர்த்த இயந்திரப் படங்கள் முழுக்க அதன் மெமரி கார்டில் கிடந்தன. இதில் கார்டு போட இடமே கிடையாது. ஆனால் விரலை வழித்தால் இது வழுக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போனது, பழையது சில நேரம் எங்கேயோ தாவியது. அழைப்பு வந்தால் இரண்டு விரலால் இரண்டு தட்டு, எடுத்துவிடலாம். பழைய போனில் அவர் இன்னும் பச்சை வட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நியாயமாகப் பார்த்தால் இதுதான் மேல். நியாயத்தை ஒப்புக்கொள்ளத்தான் விரல் மறுத்தது.

ஆறாவது நாள், விரல் பழகவேண்டும் என்று சிம்மை இதில் மாற்றிப் போட்டு, பழைய போனை வீட்டிலேயே வைத்துவிட்டு மையத்துக்குக் கிளம்பினார். பஸ்ஸில் நிறுத்தத்தை எண்ணிக்கொண்டே வந்தவர், ஒன்று தவறி எங்கேயோ இறங்கிவிட்டார். உச்சி வெயில். அவருக்கு மிச்சமிருந்த பார்வையில் ஒரு சுவரின் நடுத்துண்டும் யாருடையதோ ஒரு செருப்பும் மட்டும் தெரிந்தன. பயிற்சிக்காரியைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தார். முகத்தை ஏற்கவில்லை. எண்ணைப் போட்டார், தப்பு. மறுபடி, மறுபடி. விரல் வியர்வையில் வழுக்கியது. கடைசியில் ஐந்து நிமிடம் கழித்து முயலும்படி குரல் நிதானமாகச் சொன்னது.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மனைவி. இரண்டு விரல், இரண்டு தட்டு என்பது அந்தக் கணத்தில் அடியோடு மறந்துபோயிற்று. பக்கவாட்டுப் பட்டனைப் படபடவென்று அழுத்தினார், அழைப்பு அறுந்தது. மறுபடி அடித்தது, மறுபடி அறுத்தார். மூன்றாவது தடவை அறுந்ததும் போனை நடைபாதையில் வீசி எறியக் கையை ஓங்கினார். எறிந்தால் அது விழும் இடம்கூடத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வெகுநேரம் கழித்துப் பக்கத்தில் ஒரு வண்டி நின்றது. பார்சல் கொண்டுபோகும் பெண். “என்ன சார், மயக்கமா?”

“இல்லம்மா.” மூன்று வருடமாக மறைத்து வைத்தது வெளியே வந்தது. “எனக்குக் கண்ணு தெரியாது. இது எந்த இடம்னு சொல்றீங்களா?”

மனைவியின் எண் மனப்பாடமாக இருந்தது. அந்தப் பெண்ணே தன் போனில் பேசி இடத்தைச் சொன்னாள், யாராவது வரும்வரை போகவும் இல்லை.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். அவர் எதிரே மூச்சிரைக்க நின்றாள். அவர் அவளுக்கு இடப்பக்கம் இருந்த கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க... நான் இங்க நிக்கிறேன்.”

அவர் முகத்தைத் திருப்பினார்.

“எவ்வளவு தெரியுது உங்களுக்கு? பொய் சொன்னீங்கன்னா பாருங்க.”

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு சின்ன வளையம் காட்டினார். “இவ்வளவுதான். அதுவும் வலது கண்ணுல.”

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் அவர் பக்கத்தில் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “மூணு வருஷமா உங்ககிட்ட மூஞ்சியைக் காட்டிக் கோவிச்சுக்கிட்டு இருந்தேனேங்க. அதைக்கூட நீங்க பார்க்கலையா?” என்றாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் புரியவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் வீடே பள்ளிக்கூடமானது. கடையிலிருந்து வந்ததும் அவள் வேறொரு அறையிலிருந்து கூப்பிடுவாள். “ஹலோ, எங்க மெஷின் தண்ணியைத் துப்புது சார்.” அவர் எடுக்க வேண்டும், கேட்க வேண்டும், ஏற்ற வேண்டும். தப்பினால் மறுபடி. ஒரு நாள் நாற்பது தடவை கூப்பிட்டாள். தாங்க முடியாமல் அவர் பழைய போனைக் கையில் எடுத்தார். “இதுலயே பட்டனை வரிசையா எண்ணிக்கிறேன். நாலாவது பேரில்லாதது சேமி. என்னால முடியும்.”

“நாளைக்கு அவங்க ஆப்ல ஒரு பட்டன் கூடுதலா வச்சா?”

அவர் போனை அவள் கையில் கொடுத்தார். மெமரி கார்டை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார். அதில் இருந்தவற்றை இனிமேல் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்துதான் வாங்கிக்கொண்டார்.

பதினாறாவது நாள் டெலிபோன் மேஜையில் உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒரு நாளில் நாற்பது அழைப்பு முடிப்பார்கள். முதல் அழைப்பிலேயே முகவரி இருக்கவேண்டிய இடத்தில் கோளாறை ஏற்றிவிட்டார். மூன்றாவதில் ஒருவர், “என்னய்யா, தூங்கிட்டியா?” என்று வைத்துவிட்டார். ஐந்தாவதாக வந்த பெண்மணி, துணி பிழியும்போது கடகடவென்று சத்தம் வருகிறது என்றார்.

“போனை மெஷின் பக்கத்துல வைங்கம்மா” என்று சொல்லி, சத்தத்தைக் கேட்டார். “உள்ள ஒரு காசோ பட்டனோ மாட்டியிருக்கு. ஆள் வரவேண்டாம். கீழ ஒரு சின்ன மூடி இருக்கும், தண்ணியை வடிச்சுட்டுத் திறந்து பாருங்க.”

“இருக்கு சார், சட்டைப் பட்டன்!” என்றது மறுமுனை, கொஞ்ச நேரம் கழித்து.

சாயங்காலம் சூப்பர்வைசர் கணக்கைப் பார்த்தார். பதினொன்று. பேசாதவருடைய முகத்தை எப்படிப் படிப்பது என்று எந்தப் போனும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்தபடி இருந்தார்.

“மேல என்ன சொல்லுவாங்கன்னு தெரியலண்ணே. பதினொண்ணு பத்தாது. நாளைக்கு வாங்க. நாளன்னைக்கு என்னன்னு நாளைக்குப் பேசிக்கலாம்.”

அவர் எழுந்தார். சுவரைத் தடவி வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது. இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“முடிஞ்சதா?” என்றாள் மனைவி.

“நாளைக்கு ஒரு நாள் இருக்கு” என்றார்.