மதிலோரம் நிற்கும் பிள்ளைகள்

எங்கள் பங்குச் சபைக் கூட்டத்தில் வாலிபர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போன மாதிரித்தான். கைபேசிதான் கெடுக்கிறது என்பார் ஒருவர். பாட்டெல்லாம் பழசு என்பார் இன்னொருவர். நான் வாயே திறக்க மாட்டேன். என் சொந்த மகளே, கொட்டாஞ்சேனை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஞாயிறு பூசைக்கு என்னோடு வாசல்வரை வந்துவிட்டு வெளியே நின்றுவிடுகிறவள். எனக்கு அதைவிட வெட்கம் வேறில்லை.

அவள் மட்டுமில்லை. மெழுகுதிரிக் கடைக்குப் பக்கத்தில், கோயில் மதிலோரம், ஏழெட்டுப் பிள்ளைகள் பூசை முடியும்வரை நிற்பார்கள். சிரிப்பில்லை, கதையில்லை. எல்லோரும் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவையே பார்த்தபடி நிற்பார்கள். ஒருநாள் பிரசங்கத்தின்போது யன்னல் வழியாக அந்த முதுகுகளைப் பார்த்தேன். வரப்போகிற யாருக்காகவோ காத்து நிற்பவர்கள் மாதிரி இருந்தது. ஆனாலும் 'மதில் கூட்டம்' என்று பெயர் வைத்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

முதுகுப்பையோடு வந்தவர்கள் பூசை நடந்த கோயில்களுக்குள் குண்டு வெடிக்கவைத்த அந்த 2019 உயிர்த்த ஞாயிறன்று, வெடித்தது எங்கள் கோயிலில் இல்லை. ஆனால் சத்தம் எங்கள் பூசைக்குள்ளும் வந்தது. மகள் அப்போது சின்னப் பிள்ளை, புதுச் சட்டையோடு என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். கோயில்கள் மறுபடி திறந்த பிறகு, வாசலில் ஒரு மேசை போட்டு வருகிறவர்களின் பைகளைச் சோதித்தோம். அது வருடக்கணக்காக நடந்தது; பூசை தொடங்கியதும் மேசையை விட்டுவிட்டு நாங்களும் உள்ளே போய்விடுவோம்.

புதிதாக வந்த பங்குச் சுவாமி இளம் ஆள், நல்ல மனசு. "இப்பிடிக் கெடுபிடி பாத்தா பிள்ளையள் வராது" என்று அந்த மேசையை எடுப்பித்தார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அதோடு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் இளையோர் ஆராதனை வைப்பதென்று முடிவாயிற்று. தெஹிவளையிலிருந்து இசைக்குழு, கலர் லைட், புகை மெஷின். நான் மகளிடம் கெஞ்சிக் கூத்தாடினேன். "ஒருக்கா மட்டும்" என்றாள். ஒருக்கா உள்ளே வந்தாளென்றால் இருந்துவிடுவாள் என்று எனக்கு அப்படியொரு நம்பிக்கை.

பிள்ளைகள் நிறையப் பேர் வந்தார்கள். மதில் கூட்டமும் வந்தது. வெளிச்சம் வரக்கூடாதென்று யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிக் கதவுகளையும் சாத்தினோம். புகை கிளம்பியது. பாடகர் "முன்னுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. கதிரைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. பிள்ளைகள் நாலு சுவரோடும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வெட்கமாக்கும் என்று நினைத்து, நடுவில் நான் மட்டும் கல்யாண வீட்டு மாமி மாதிரி கை தட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் கவனித்தேன். யாருமே மேடையைப் பார்க்கவில்லை. சிவப்பு வெளிச்சம் போய் நீலம் வந்தது, நீலம் போய்ப் பச்சை வந்தது. ஒரு முகம்கூடத் திரும்பவில்லை. எல்லாக் கண்களும் ஒரே இடத்தில் இருந்தன. நடு வரிசைக் கதிரையில் ஒரு கறுப்பு முதுகுப்பை தனியாக இருந்தது. புகை அதைச் சுற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. அல்லேலூயாப் பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருக்க, அத்தனை பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா, அது ஆற்ற பாக்?"

மகள் எனக்கு மட்டும் கேட்கத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லுமுன்பே என்னைப் பின்னால் இழுத்துவிட்டு, பைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பாட்டு நின்றது. டிரம்ஸ் அடித்தவர் எழும்பி, "அன்ரி, அது என்ர பாக், ஸ்டிக் கொண்டுவந்தது" என்றார். யாரோ கதவைத் திறந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை, அழவில்லை. ஒருவர் பின் ஒருவராக வெளியே போய் மதிலோரம் அதே இடத்தில், தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டார்கள். சுவாமி மைக்கும் கையுமாக வந்து, "என்ன நடந்தது?" என்று என்னைக் கேட்டார். நான் மகளைத் தேடி வெளியே போனேன்.

வீட்டுக்கு நடக்கும்போது மகளிடம், "இந்தப் பயத்திலயோ நீ கோயிலுக்க வாறேல்ல?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன பயம்? நீங்களெல்லோ உள்ளுக்க இருக்கிறீங்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு செபிக்கிறீங்கள். வாறவனை ஆர் பாக்கிறது?"

"அப்ப மற்றப் பிள்ளையள்?"

"அவையின்ர அம்மா அப்பாவும் உள்ளுக்கதானே அம்மா."

நடு றோட்டில் நின்று அழுதேன். இத்தனை வருடமாக இந்தப் பிள்ளைகளை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். அவர்களோ வெளியே நின்று எங்களைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மேசையைத் திரும்பப் போடுவதா வேண்டாமா என்று பங்குச் சபை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு வாசலில் வைத்து மகளிடம், "நீ உள்ள போ. நான் பாக்கிறன்" என்றேன். அவள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "முகத்தைப் பாக்காதேங்கோ அம்மா, கையைப் பாருங்கோ" என்றாள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு படியேறினாள். மதிலோரம் நின்ற பிள்ளைகள் விலகி எனக்கு இடம் விட்டார்கள்.

உள்ளே பாட்டுத் தொடங்கியது. தோளில் பெரிய பையோடு ஒருவர் தெருவைக் கடந்து எங்கள் பக்கமாக வந்தார். நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். மகள் எந்த வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தாள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.