ஆளில்லாத மூலை

பெரியநாயகி அக்காளை எங்களில் பலருக்குப் பிடிக்காது. நானும் அந்தப் பலரில் ஒருவன்தான். புக்கிட் காத்தில் என்ற ஊரில் ஒரு பள்ளிக் கேன்டீனில் சமைக்கிறவர். அறுபது வயது. ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி.

எங்கள் பழைய எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள். ரப்பரை வெட்டிவிட்டு வீடு கட்டப்போகிறார்கள். நடுவில் எங்கள் கிறிஸ்துவக் கல்லறைத் தோட்டம். அதன் சுவர் இடிந்து பத்து வருடமாயிற்று. நாங்கள் கல்லறைத் திருநாளன்று மட்டும் வந்து மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டுக் காரேறிவிடுவோம். சுவரில்லாத இடம் கைவிடப்பட்ட இடம் என்று எஸ்டேட்டை வாங்கிய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த திருநாளன்று அரசாங்க அதிகாரி பார்க்க வருவார். நான்கு பக்கமும் சுவர் நின்றால் கல்லறை, இல்லையென்றால் தரைமட்டம்.

அக்காள் எங்கள் வீடு வீடாக ஏறினார். “பைபிள்ல நெகேமியா இடிஞ்ச எருசலேம் மதில எப்படிக் கட்டுனாரு? அவனவன் வீட்டுக்கு எதிர்ல அவனவன் கட்டுனான். நாமளும் அவங்கவங்க ஆளு படுத்திருக்கற பக்கத்தக் கட்டுவோம்.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் அப்பா மேற்கே கிடக்கிறார். நான் மேற்கே கட்டினேன்.

கம்பெனியின் ஆள் திவாகர், நம் தமிழன்தான், சுவரில் கைவைத்துச் சிரித்தான். “ஆடு சாஞ்சா விழுந்துரும் லா, ஆன்ட்டி.” அடுத்த வாரம் சிமெண்டு மூட்டைகள் கிழிபட்டு மழையில் கல்லாகிக் கிடந்தன. அதற்கடுத்த வாரம், சிவப்புத் துணி கட்டிய அளவுக்குச்சிகள் கல்லறைக்குள்ளே நின்றன. அக்காள் பிடுங்கி எறிந்தார். மறுவாரம் அவை இன்னும் இரண்டடி உள்ளே முளைத்திருந்தன.

ஒருவழியாகச் சுவர் எழுந்தது. வடகிழக்கு மூலை மட்டும் திறந்து கிடந்தது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் செத்தவர்களை அங்கே புதைத்தார்கள். சிலுவையும் கிடையாது, பெயரும் கிடையாது. யாருடைய ஆளும் இல்லாததால் யாரும் கட்டவில்லை. திட்டம் அக்காளுடையது, அதன் ஓட்டையை முதலில் பார்த்தவன் திவாகர்.

திருநாளுக்கு முந்தின ஞாயிறு எங்களைக் கூப்பிட்டான். “எல்லாரும் தஞ்சோங் கிளிங் ஹோட்டலுக்கு வாங்க. மீட்டிங்கும் இருக்கு, வயிறாரச் சாப்பிட மக்கானும் இருக்கு. உக்காந்து பேசித் தீர்த்துக்கலாம்.”

அக்காள் போகவில்லை. “மதில் வேலய நிறுத்த நெகேமியாவயும் எதிரிங்க இப்படித்தான் பேச்சுக்குக் கூப்புட்டாங்க. எனக்கு வேல கெடக்கு.”

நாங்கள் போனோம், வெட்கங்கெட்டவர்கள். பிரியாணி வந்தது, திவாகர் வரவில்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கை கழுவாமல் காரை எடுத்தோம்.

மண் தோண்டும் மெஷின் அந்த மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அதன் இரும்புக்கைக்குக் கீழே, முதுகைக் காட்டியபடி, அக்காள் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் அளவுச் சுவர். திவாகர் கத்தினான். “இங்க யாருமே இல்ல, ஆன்ட்டி! யாருக்காகச் சுவரு?”

அக்காள் அடுத்த செங்கலை வைத்தார். ஈரச் சிமெண்டில் கொத்துக்கரண்டி முனையால் எழுதினார்: சவரிமுத்து மனைவி பெரியநாயகி. பிறந்த தேதி. இறந்த தேதிக்கு இடம் விட்டார். மெஷின் ஓட்டுபவரும் தமிழர். படித்ததும் இன்ஜினை அணைத்துவிட்டார்.

சவரிமுத்து அண்ணன் தெற்கே கிடக்கிறார். பக்கத்து ஆறடியைத் தனக்கென்று பதினோரு வருடமாகப் புல் செதுக்கி வைத்திருந்தவர் இந்த அக்காள். புருஷன் பக்கத்தில் கிடப்பதைத் தவிர வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியாது.

“இப்ப இங்கயும் ஒரு ஆளு இருக்கு,” என்றார் எங்களிடம். “கட்டுங்க.”

அழுதுகொண்டே கட்டினேன். திருநாளன்று அதிகாரி வந்தார். நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்து, கல்லறை என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆனாலும் மெஷின் சாலையோரத்திலேயே நிற்கிறது. அண்ணன் பக்கத்து ஆறடியை அக்காள் இப்போது செதுக்குவதில்லை, புல் முழங்கால் உயரம். அக்காளுக்கு ஒரு மாதமாக இருமல் நிற்கவில்லை. போன வாரம் திவாகர் தனியாக வந்தான். அந்த மூலையில் குனிந்து, தேதிக்கு விட்ட இடம் இன்னும் காலிதானா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.