இரண்டு விரல் துணி: மண்ணூர்பேட்டையிலிருந்து ஆவடி வரை

1996ஆம் ஆண்டு தை மாதம், ஒரு முகூர்த்த நாள். ஆடை வடிவமைப்பாளர் ஒருவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வேண்டியிருந்தது. பெயர் மெஹருன்னிசா, வயது முப்பத்து நான்கு, எல்லோருக்கும் மெஹர். பேட்டிக்கு நேரம் கேட்டேன். "உக்காந்து பேசல்லாம் நேரம் இல்ல சார். ஆவடில ஒரு கல்யாணப் பொண்ணுக்குத் துணி எடுத்துகினு போறேன். கூட வாங்க, பேசிகினே போலாம்" என்றார். அவர் வேலை செய்த இடங்களையும் அதே நாளில் பார்த்துவிட முடிவு செய்தேன். மேற்குப் புறநகரில் ஒரு நாள் சுற்ற நினைப்பவர்களுக்கு இந்த வழி இன்றும் பயன்படும்.

காலை எட்டரைக்கு மண்ணூர்பேட்டையில் இறங்கினேன். அம்பத்தூர் தொழிற்பேட்டை அங்கிருந்து நடக்கும் தூரம்தான். அங்கே ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் மெஹர் பதினோரு வருடம் இருந்தார். முதலில் நூல் பிசிறு வெட்டும் வேலை, பிறகு தைத்ததைச் சரிபார்க்கும் செக்கர், கடைசியில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டிலிருந்து வரும் படத்தைப் பார்த்து முதல் உடுப்பைத் தைத்துக் காட்டுபவர் அவர். அதைப் பார்த்துத்தான் மற்றதெல்லாம் தைப்பார்கள்.

"உள்ளல்லாம் உட மாட்டானுங்க சார்" என்றார் வாசலில் நின்ற ஆட்டோக்காரர். "எங்க ஊட்டாண்ட ரெண்டு பொண்ணு இங்கதான் கீது. அமெரிக்காக்காரனுக்கு சொக்கா தைக்குதுங்க. அதுங்க போட்டுகினு வர்றது இன்னாவோ ரங்கநாதன் தெரு சொக்காதான்."

அவர் ஆட்டோவிலேயே வானகரம் வழியாகக் காட்டுப்பாக்கம் போனேன். பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல், பேரம் பேசி நாற்பத்தைந்து ரூபாய். மெஹரின் கடை ஒரு சைக்கிள் கடைக்கு மேல், ஒற்றை அறை, இரண்டு மெஷின். மேசையில் மணப்பெண்ணின் காக்ரா பாவாடையும் சோளி ரவிக்கையும் விரிந்து கிடந்தன. சிவப்புப் பட்டில் மஞ்சளும் பச்சையுமாக இலை, கட்டம், பூ என்று துணியை வெட்டி ஒட்டுத் தையல் போட்டிருந்தார். எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. யோசித்ததில் பிடிபட்டது: கல்யாணப் பந்தலில் அண்ணாந்து பார்த்தால் தெரியுமே, ஷாமியானா, அதேதான்.

"எங்க அத்தா பூந்தமல்லில ஷாமியானா தைக்கிறவரு" என்று அப்பாவைப் பற்றிச் சொன்னார், பூந்தமல்லி பஸ்ஸில் உட்கார்ந்ததும். "பந்தல் துணி மழையில நனைஞ்சா சுருங்கும், கயித்துல இழுத்துக் கட்டுனா தையல் உட்டுக்கும். அதனால எல்லாத் தையல்லயும் உள்ள ரெண்டு வெரல் துணி மடிச்சு உடுவாரு. எனக்கும் கை அப்பிடியே பழகிப்போச்சு. கம்பெனில துணிய வேஸ்ட் பண்றேன்னு அதுக்கே எவ்ளோ திட்டு வாங்கிகீறேன் தெரியுமா?"

பூந்தமல்லியில் பஸ் மாறினோம். ஆவடிக்குப் பத்து கிலோமீட்டர், டிக்கெட் இரண்டரை ரூபாய். கண்டக்டர் பையைப் பார்த்து, "இன்னாம்மா, மூட்டைக்கு லக்கேஜ் போடவா?" என்றார். "கல்யாணத் துணி அண்ணாத்தே. மடிலதான் வச்சுகீறேன், உன் பஸ்ஸுல வைக்கல" என்றார் மெஹர்.

பையைத் திறந்து சோளியின் உள்பக்கத்தைக் காட்டினார். பக்கவாட்டுத் தையலில், ஏற்றுமதி உடுப்புகளில் இருப்பது போலவே, ஒரு சின்னத் துணிப் பட்டி. 'மெஹர், பூந்தமல்லி.' கடை காட்டுப்பாக்கத்தில் என்றாலும், பட்டியில் அத்தாவின் ஊர். இதுவரை அவர் தைத்ததெல்லாம் யார் யார் பெயரிலோ கப்பலேறின. அவர் பெயரோடு வெளியே போகும் முதல் உடுப்பு இதுதான். பாம்பே என்று போட்டால்தான் விலை போகும் என்று, அவருக்குத் தெரிந்த துணி ஏஜெண்டு ஒருவர் சொன்னாராம். இவர் கேட்கவில்லை. "பொண்ணு மேடைல இதப் போட்டு நின்னா நாலு பேரு கேப்பாங்க. அப்புறம்தான் சார் கடை நிக்கும்."

ஒரு மணிக்கு மணப்பெண் வீடு சேர்ந்தோம். ஆறரைக்கு வரவேற்பு. மணப்பெண் கவிதா கோவையில் வேலை பார்த்தவள், முந்தின நாள்தான் வந்திருந்தாள். அதனால் அம்மா கொடுத்தனுப்பிய அளவு ஜாக்கெட்டை வைத்தே மெஹர் தைத்திருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சோளியைப் போட்டுப் பார்க்க மெஹர் கவிதாவை உள்ளறைக்கு அழைத்துப் போனார். பிறகு கவிதாவின் குரல்.

"கொக்கி எட்டவே இல்லக்கா. அம்மா, எந்த ஜாக்கெட்ட குடுத்த?"

"அந்த நீலப் பட்டுதான்டி."

"ஐயோ, அத நான் ஒரு நாள்கூடப் போட்டதில்ல. மூச்சு முட்டும்."

"நீ போடறதெல்லாம் அக்குள்ல கிழிஞ்சு ஒட்டுப் போட்டுல்ல கீது. அத எப்பிடி வெளி ஆளாண்ட குடுக்கறது? பாத்தா இன்னா நெனப்பாங்க? அதான் நல்லாக் கீறதா பாத்துக் குடுத்தேன்."

"போடாம வச்சா நல்லாத்தான் இருக்கும்."

மெஹர் சோளியோடு கூடத்துக்கு வந்தார். பிளேடால் இரண்டு பக்கத் தையலையும் பிரித்தார். பெயர்ப் பட்டி கழன்று தரையில் விழுந்தது. உள்ளே மடித்துவிட்ட இரண்டு விரல் துணியை வெளியே எடுத்து, அந்த வீட்டு மெஷினிலேயே விளிம்பை ஒட்டித் தைத்தார். இரண்டு பக்கமும் பூவில்லாமல் வெறும் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. உள்ளே கொண்டுபோனார். கொக்கி மாட்டியது.

மெஹர் பையை எடுக்கும்போது கவிதா எட்டிப் பார்த்தாள். அவள் கையில் சோளியும், தரையில் விழுந்த அந்தப் பட்டியும்.

"அக்கா, இது யார் தைப்பாங்க?"

"உள்ள கீறது யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது? நேரம் ஆவுது."

"எங்க தச்சதுன்னு கேட்டா நான் எதக் காட்றது?"

மெஹர் மறுபடி உட்கார்ந்து, ஊசி கோத்து, கையாலேயே தைத்தார்.

வரவேற்புக்கு எங்களையும் இருக்கச் சொன்னார்கள். பந்தியை முடித்துவிட்டு மேடைக்கு அருகில் நின்றோம். கவிதாவின் அத்தை ஒருவர் அந்தச் சிவப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "இன்னாடி, இங்க மட்டும் பூவக் காணோம்?"

"அதான் அத்த இப்ப ஃபேஷன்."

மெஹர் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

"எங்க தச்ச? பாம்பேவா?"

"பூந்தமல்லி."

அத்தை நம்பவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "பூந்தமல்லில எங்க?" என்றார். கவிதா எங்கள் பக்கம் கை காட்டினாள்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தொழிற்பேட்டையைக் காலை ஷிப்டு நேரத்தில் பாருங்கள், அந்தக் கூட்டம்தான் காட்சி. பூந்தமல்லி - ஆவடி பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால் நிலையத்திலேயே ஏறுங்கள். நேரம் மிச்சமிருந்தால் மாலையில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, நான் அன்று தவறவிட்டது. யாரிடமாவது துணி தைக்கக் கொடுப்பதாக இருந்தால், நேரில் போய் அளவு கொடுங்கள். முடியாவிட்டால், வீட்டில் இருப்பதிலேயே கிழிந்த ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்புங்கள்.