முதுகைக் காட்டி உட்கார்ந்த அப்பா

ஈர லைஃப் ஜாக்கெட்டுக்கு ஒரு வாசனை உண்டு. உப்பு, பூஞ்சை, முந்தின வாரம் அதைப் போட்டிருந்தவர் தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய், எல்லாம் கலந்து ஒரு மாதிரி இருக்கும். பதினோரு வயதில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே அந்த வாசனைதான்...

இன்று ஆபீஸில் ஒருவர், பையனை ஸெய்லிங் கிளாஸில் சேர்க்கலாமா என்று கேட்டார். வாயெல்லாம் பல்லாக அரை மணி நேரம் பேசிவிட்டேன். பாவம், மனிதர் ஆறிப்போன டீயைத்தான் குடித்தார். சொல்லாமல் விட்ட மிச்சம் இது.

மேற்கு மாம்பலத்தில் அப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஒரே ஒரு கார். அவர் உட்காரும் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக். ஓட்டுபவர் தப்பு செய்வதற்கு அரை நொடி முன்னாலேயே மிதித்துவிடுவார். வாய் அதற்கும் முன்னால் ஓடும். வீட்டிலும் அப்படித்தான். நான் தோசை திருப்பினால்கூட பக்கத்தில் நின்று டைமிங் சொல்வார்.

அந்த எல் போர்டு காரிலேதான் எட்டு ஞாயிறும் விடிந்தும் விடியாமலும் முட்டுக்காடு போனோம்.

அங்கே பேக்வாட்டரில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து நடந்த எட்டு வார வகுப்பு. முதலில் சின்னப் பாய்மரப் படகு ஓட்டப் பழக வேண்டும். அப்புறம், தண்ணீர் நடுவில் நட்டிருந்த ஒரு மூங்கில் வரை போய், காலுறை மாதிரி இருக்கும் ஒரு நைலான் வலையை இழுத்து, அதில் சிக்குவதை பாட்டிலில் பிடித்து வர வேண்டும். கரையில் ஷெட்டுக்குள் மைக்ரோஸ்கோப் இருந்தது. அவரவர் பிடித்து வந்ததைத்தான் அவரவர் பார்க்கலாம்.

எனக்கு அந்த மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. படகில் பிள்ளைதான் கேப்டன். படகைத் திருப்பும் சுக்கான் கட்டை பிள்ளை கையில். பெற்றவர் பாய்க் கயிறைப் பிடித்துக்கொண்டு, சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். தானாக ஒரு யோசனை சொன்னாலும் விசில் ஊதிவிடுவார்கள். ஊதினால் படகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

விசில், படகு ஓட்டச் சொல்லிக்கொடுத்த ரீட்டா அக்காவிடம் இருந்தது. பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம். எங்கள் பக்கத்திலேயே ஒரு கயாக்கில் துடுப்புப் போட்டபடி வருவார்.

"இன்னா சார், மறுபடியும் கிளாஸ் எடுக்குற? பாப்பாதானே கேப்டன். கரைக்கு வா."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்.

"கால இன்னாத்துக்கு அப்டி மிதிச்சுக்கினு கீற? படகுல பிரேக்கு கீதா?"

அதற்கும் சிரிப்பார். அடுத்த வாரமும் விசில் வாங்குவார்.

ஏழாவது வாரம்தான் சொதப்பலின் உச்சம். அப்பா ஸ்டீயரிங்குக்குச் சொல்லும் பழக்க தோஷத்தில் "லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி" என்றார். நானும் பயத்தில் கட்டையை லெஃப்டில் தள்ளிவிட்டேன். சுக்கான் கட்டையை லெஃப்டில் தள்ளினால் படகு ரைட்டில் போகும். நேராகப் போய்ச் சேற்றில் சொருகி நின்றது. முழங்கால் சேற்றில் இறங்கி நாங்கள் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டிருந்தபோது, மற்ற பிள்ளைகள் ஷெட்டில் வரிசையாக நின்று மைக்ரோஸ்கோப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் காலியாக இருந்தது என் பெயர் ஒட்டிய பாட்டில் மட்டும்தான்.

திரும்பி வரும்போது காரில் சொல்லிவிட்டேன்.

"கடைசி வாரம் நீ வேணாம்ப்பா. அம்மா வரட்டும்."

திருவான்மியூர் தாண்டியது, அடையாறு தாண்டியது, அவர் வாய் திறக்கவே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவும் மனசு வரவில்லை.

அம்மாவுக்கோ பஸ்ஸில் போனாலே தலை சுற்றும். அதனால் எட்டாவது வாரமும் அப்பாதான் வந்தார். படகில் ஏறியதும் ரீட்டா அக்காவிடம் கேட்டார்.

"ஏம்மா, நான் முதுகைக் காட்டி உக்காந்துக்கலாமா? முன்னாடி என்ன வருதுன்னு தெரிஞ்சாதான் எனக்கு வாய் ஓடுது."

"உக்காரு சார். வாந்தி வந்தா மட்டும் சொல்லு."

அப்படியே உட்கார்ந்தார். போகிற திசைக்கு முதுகு, என் பக்கம் முகம். என்னைத் தவிர அவர் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது.

பாதி தூரத்தில் எதிரே ஒரு மீன்பிடிப் படகு வந்தது. என் முகம் மாறியிருக்க வேண்டும். அப்பா கண்ணிலும் பயம் தெரிந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். திரும்பிப் பார்த்திருக்கலாம்... பார்க்கவில்லை.

"அப்பா, கயிற விடு. தலையக் குனி."

விட்டார். குனிந்தார். பாயின் அடியில் கட்டிய கட்டை அவர் தலைக்கு மேலே அந்தப் பக்கம் போனது. படகு திரும்பியது. அந்த மீனவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். விசில் சத்தம் இல்லை.

மூங்கிலை எட்டிப் பிடித்தேன். வலையை இழுத்து, பாட்டிலை நிரப்பி, கரைக்கு வந்து, கண்ணை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி உடம்பு, நடுவில் ஒற்றைக் கண், துடித்துத் துடித்து நீந்தும் ஒரு சின்ன உயிர். எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. பின்னால் கால் மாற்றி நின்றுகொண்டே அப்பா கேட்டார்.

"கேப்டன், நான் கொஞ்சம் பாக்கலாமா?"

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்...

இப்போதெல்லாம் இந்த மாதிரி வகுப்புகளை போனிலேயே புக் பண்ணலாம். லைஃப் ஜாக்கெட் புதுசாக, வாசனையே இல்லாமல் இருக்கிறது. பெற்றவர்கள் கரையில் நின்று வீடியோ எடுக்கிறார்கள். அதுவும் நல்லதுதான், பிள்ளைகள் கடலைப் பார்த்தால் சரி. நான் கடல் படிப்பு படிக்கவில்லை, தரமணி ஆபீஸில் கம்ப்யூட்டர் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

போன மாதம் வேலையை மாற்றுவதா வேண்டாமா என்று ஒரே குழப்பம். அப்பாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"உனக்குத் தெரியாததா பாப்பா. நீ எது பண்ணாலும் சரியாத்தான் இருக்கும்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்த பிறகு, லெஃப்டோ ரைட்டோ, தப்பாகவாவது ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.