சியாகாப்புக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட்

இன்று காலை கடையில் என்னால் ஒரு நிமிடம்கூட உட்கார முடியவில்லை. மீன் விற்கிறவளுக்கு, விற்கக்கூடாத மீன் ஒன்று வாளியில் நீந்திக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

செமாபோக்கில் இருக்கும் கவிதாவுக்காக வைத்திருந்த சியாகாப், கொடுவா மீன் அது. யூனிவர்சிட்டியில் அவள் மீனின் ஜீனை ஆராய்கிறாள். உயிர் போன உடனேயே மண்ணீரலை எடுக்க வேண்டுமாம். அவள் வருமுன் செத்து, ஏற்கெனவே இரண்டு மீன் வீண். இதுவும் போனால் படிப்பு இன்னும் ஒரு தவணை இழுக்கும்.

அவள் வரும் பஸ்ஸைக் காணோம். காற்றுப் பம்பு திக்கியது. குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன்.

அந்த நேரம் பார்த்து மலாய் பேசும் கம்போங் செட்டி அக்கா வந்து அதே மீனைக் கேட்டார்.

“தா போலே லா, தர முடியாது, அதுக்கு ஆள் வருது.”

“மீனுக்குமா அப்பாயின்ட்மென்ட்?” என்று மலாயில் கேட்டுச் சிரித்தார்.

கவிதா ஓடி வந்தாள். மீன் இன்னும் வாலை அடித்தது! நான் வெட்டினேன், அவள் நகத்தளவு மண்ணீரலைக் குப்பியில் போட்டு மூச்சு விட்டாள். மிச்ச மீன் செட்டி அக்காவுக்கு.

“அப்படி என்னாடி ஜீனு?” என்று கவிதாவிடம் கேட்டேன்.

“ரிசெப்டர் ஜீன்க்கா. கிருமி உள்ள வந்தா, இவன் நம்ம ஆளு இல்லன்னு கண்டுபிடிக்கிற காவல்காரன அதுதான் உண்டாக்குது. யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்.”

“பள்ளிக்கூடம் போகாமலா?”

“ஆமாக்கா!”

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே வீடு வீடாய்ப் பொருள் விற்க வரும் டைரக்ட் செல்லிங் ஆள் என்று சொல்லிவிடுவேன். அடுத்த முறை என்னையே ஆராயச் சொல்லிவிட்டேன், மண்ணீரலை மட்டும் கேட்கக்கூடாது.

உங்கள் வீட்டில் இந்த ஜீன் யாருக்கு?